பெட்டி வியாபாரியின் பாட்டு

ரஷ்ய மொழியில் 'கொரோப்' என்றால் மரப்பட்டையில் முடைந்த பெட்டி. சீட்டித் துணி, ஜரிகைத் துணி, நாடா, மோதிரம் என்று கிராமத்துப் பெண்கள் கேட்கும் சாமான்களையெல்லாம் அதில் அடைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக நடந்து விற்றவர்களுக்குக் கொரொபெய்னிக்கி என்று பெயர். வளையல் பெட்டியும் துணிமூட்டையுமாக நம் தெருக்களில் குரல் கொடுத்துப் போனவர்களை நினைத்துக்கொண்டால் போதும், ஆள் யாரென்று பிடிபட்டுவிடும்.

அந்தப் பெட்டிக்காரர்களைப் பற்றிய ஒரு பாட்டு, பிறந்த இடத்திலிருந்து கிளம்பி, கடைசியில் உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் பாதிப் பேருக்கு அதன் பெயர் தெரியாது. நாலு ஸ்வரம் முணுமுணுத்துக் காட்டினால் "டெட்ரிஸ் பாட்டுதானே!" என்பார்கள்.

அதை எழுதியவர் நிக்கலாய் நெக்ராசோவ். ஆண்டு 1861. ரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணை வந்ததும் அதே ஆண்டில்தான். கவிதையை அவர் எந்தப் பிரபுவுக்கும் காணிக்கையாக்கவில்லை. கொஸ்த்ரோமா மாகாணத்து ஷோதா கிராமத்தில், தன்னோடு வேட்டைக்கு வந்த கவ்ரீலா என்ற குடியானவருக்குக் காணிக்கையாக்கினார்.

நீண்ட கவிதை அது. திகோனிச் என்ற கிழவரும் வான்கா என்ற இளைஞனும் பெட்டியைச் சுமந்துகொண்டு கிளம்புகிறார்கள். ஆளுயரம் வளர்ந்த கம்புப்பயிருக்கு நடுவே, இருட்டியபின், வான்கா தன் காதலி காத்யாவுக்காகக் காத்திருக்கிறான். அவள் வருகிறாள். பேரம் நடக்கிறது. அவன் விலையை ஏற்ற, அவள் குறைக்க, நடுவில் முத்தங்கள். இத்தனை துணிமணி பரப்பி வைத்தும் அவள் எடுத்துக்கொள்வது ஒரு டர்க்காய்ஸ் கல் மோதிரத்தை மட்டும்தான். அவன் திரும்பி வந்து கைப்பிடிப்பான் என்று காத்திருக்கிறாள். அவன் வருவதில்லை. காசோடு ஊர் திரும்பும் வழியில், ஒரு காட்டுக் காவலாளி இருவரையும் சுட்டுக் கொன்றுவிடுகிறான்.

இந்தக் கவிதையின் கதையில் என்னை உலுக்கியது வேறொன்று. நெக்ராசோவ் இதைப் படித்த சீமான்களின் பத்திரிகையோடு விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டே மூன்று கோப்பெக் விலையில், மலிவுப் பதிப்பாக, 'சிவப்புப் புத்தகங்கள்' என்ற வரிசையின் முதல் வெளியீடாகக் கொண்டுவந்தார். கிராமத்து மக்கள் கையில் அது போய்ச் சேர என்ன வழி? புத்தகக் கடையே இல்லாத ஊர்களுக்குப் போகிறவர்கள் பெட்டி வியாபாரிகள்தான். அவர்கள் பெட்டிகளிலேயே அதையும் வைத்து அனுப்ப ஏற்பாடு செய்தார். பெட்டிக்காரனின் கதை பெட்டிக்காரனின் பெட்டியிலேயே ஊர் சுற்றப் புறப்பட்டது. ஒரு கவிஞன் தன் வாசகனைத் தேடி இவ்வளவு தூரம் நடப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தக் கவிஞனும் திட்டமிட முடியாது. ஜனங்கள் அந்தக் கவிதையிலிருந்து தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். பெட்டி நிறைந்திருப்பது, கம்பங்காடு, காத்யா, பேரம், மோதிரம், காத்திருப்பு. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கொலையைப் பாட்டில் சேர்க்கவில்லை. வான்கா இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறான்.

மெட்டைப் போட்டவர் பெயர் நிலைக்கவில்லை. நாட்டுப்பாடலாகிவிட்டது. அதைப் பாடும் முறை ஒன்று உண்டு, அதுதான் பின்னால் நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் விதை. நிதானமாக ஆரம்பித்து, சுற்றுக்குச் சுற்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். முதல் சுற்றில் தலையாட்டுகிறவன் மூன்றாம் சுற்றில் காலைத் தட்டுகிறான், கடைசிச் சுற்றில் மூச்சு வாங்குகிறான். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ரஷ்யர்கள் இதே மெட்டுக்கு ஜோடி நடனம் ஒன்றை அமைத்து ஆடினார்கள். கொரொபுஷ்கா என்ற பெயரில் அது நாட்டுப்புற நடனக் குழுக்களில் இன்றும் ஆடப்படுகிறது.

மெட்டை நம் கணக்கில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நெருக்கம் கூடுகிறது. பஞ்சமத்தில் தொடங்கும். அங்கிருந்து ஒரே தாவலாகக் கீழே ரிஷபத்துக்கு இறங்கி, ரி க ம என்று ஏறி, க ரி ஸ என்று வந்து உட்காரும். மறுபடி ஸ க ப, ம க ரி, பிறகு க ம ப என்று எட்டிப் பார்த்துவிட்டு க ஸ ஸ. அடுத்த அடியில் மத்தியமத்திலிருந்து த வழியாக மேல் ஸட்ஜத்தைத் தொட்டு நி த ப என்று வழுக்கி வரும். ஸ்வரங்களை எடுத்து வரிசையாக அடுக்கினால் அப்படியே நடபைரவி. கமகம் கிடையாது, ராகமாகப் பாட உரியதும் அல்ல, ஸ்வரஸ்தானம்தான் ஒன்று. சோகத்துக்கான ஸ்வரங்களை வைத்துக்கொண்டு துள்ளி ஓடுவது இந்த மெட்டின் விசேஷம். சந்தோஷமான பாட்டா, அழுகிற பாட்டா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

பாட்டு இப்படி ஊர் சுற்றிக்கொண்டிருக்கட்டும். 1984இல், மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்ஸி பஜித்நோவ் ஒரு விளையாட்டு எழுதினார். நான்கு கட்டங்கள் சேர்ந்த வடிவங்கள் மேலிருந்து விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். அவர் எழுதிய 'எலெக்ட்ரோனிகா 60' கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. அடைப்புக்குறிகளையே செங்கல்லாக அடுக்கினார். இசையும் இல்லை. டெட்ரிஸ் பிறந்தபோது ஊமை.

விளையாட்டுக்கு ஒலி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது 1978இல் ஜப்பானில் தைட்டோ வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கதை. தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கியது. வேற்றுக்கிரகவாசிகள் வரிசை வரிசையாகக் கீழே இறங்கி வருவார்கள். பின்னால் நாலே நாலு தடித்த ஸ்வரங்கள், படி இறங்குகிற மாதிரி, தும் தும் தும் தும் என்று விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எதிரிகள் வேகமெடுக்க எடுக்க அந்தத் தும்தும்மும் வேகமெடுக்கும். ஆடுகிறவன் நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்ளும். அதற்கு ஆறு வருடம் முன்பு வந்த 'பாங்'கில் இருந்தவை வெறும் டிக், டொக் ஒலிகள். கூட்டம் ஆர்ப்பரிக்கிற சத்தம் வேண்டும் என்று முதலாளி கேட்க, பொறியாளர் ஆலன் அல்கார்ன் சர்க்யூட்டுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்துடிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டார். பந்து மட்டையில் பட்டது என்பதைக் கண் சொல்வதற்கு முன் காது சொன்னது. அந்த டிக் இல்லையென்றால் திரையில் நகர்வது ஒரு வெள்ளைப் புள்ளி. டிக் வந்ததும் அது பந்து.

டெட்ரிஸ் சோவியத் எல்லையைத் தாண்டியபோது, அதை வெளியிட்டவர்கள் ஆளுக்கொரு விதமாக இசை சேர்த்தார்கள். பிரிட்டனில் காமடோர் 64 பதிப்புக்கு வாலி பெபன் ஏறக்குறைய 26 நிமிடம் ஓடும், மேகம் நகர்வது போன்ற ஒரு நெடும் இசையை எழுதினார். 'இரும்புத்திரைக்கு அப்பாலிருந்து வந்தது' என்பதையே விளம்பரமாக்கியவர்கள் ரஷ்ய நாட்டுப்பாடல்களைத் தேடிப் போனார்கள். நம் பெட்டிக்காரனின் பாட்டும் ஓரிரு கணினிப் பதிப்புகளில் தலைகாட்டியது. அங்கே அது பத்தோடு பதினொன்றுதான்.

அதற்கு வீடு கிடைத்தது ஒரு பேரத்தால். 1989 பிப்ரவரியில் ஹென்க் ரோஜர்ஸ் மாஸ்கோ போய் இறங்கினார். ஜப்பானில் கேம் நிறுவனம் நடத்தியவர், பிறப்பால் டச்சுக்காரர். முறையான அழைப்பு இல்லை. மென்பொருள் ஏற்றுமதியைக் கவனித்த 'எலோர்க்' அரசு நிறுவனத்தின் கதவைத் தட்டி, நிகொலாய் பெலிகோவ் முன்னால் உட்கார்ந்தார். அதே வாரத்தில் டெட்ரிஸின் உரிமைக்காக ராபர்ட் ஸ்டைன், கெவின் மேக்ஸ்வெல் என்று இன்னும் இரண்டு பேர் வெவ்வேறாக வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கையடக்கக் கருவிகளுக்கான உரிமையை ரோஜர்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினார். கம்பங்காட்டில் நடந்த பேரத்தைப் பற்றிய பாட்டு உலகம் முழுக்கப் போவதற்கு மாஸ்கோவில் ஒரு அலுவலக மேசையில் பேரம் நடந்திருக்கிறது.

அந்தக் கையடக்கக் கருவி, நிண்டெண்டோவின் கேம்பாய். 1989 ஏப்ரலில் ஜப்பானில் வந்தது. ஜூனில் டெட்ரிஸ். அமெரிக்காவில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு விற்றார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று உள்ளே பார்க்க வேண்டும். கேம்பாய்க்குள் மொத்தம் நான்கு குரல்கள். இரண்டு, சதுர அலைக் குரல்கள். மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை போட்டு அணைத்தால் எழும் ஒலி. போட்டிருக்கும் நேரமும் அணைத்திருக்கும் நேரமும் சரிபாதியாக இருந்தால் உள்ளே வெறுமையான மூங்கில் குழல் மாதிரி கேட்கும். போட்டிருக்கும் நேரத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் அதே ஸ்வரம் மூக்கால் பாடுகிற மாதிரி மெலிந்துவிடும். மூன்றாவது குரலுக்கு அலையின் வடிவத்தை இசைக்காரரே வரையலாம், ஆனால் 32 புள்ளிகளுக்குள், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்களுக்குள் வரைந்தாக வேண்டும். நான்காவது வெறும் இரைச்சல். 'உஷ்' என்று நீட்டினால் காற்று, நறுக்கினால் தாளம். வாத்தியக் கோஷ்டி இவ்வளவுதான். ஸ்பீக்கர் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது.

இந்த ஒலியமைப்பில் கைவைத்தவரும் டெட்ரிஸுக்கு இசை கட்டியவரும் ஒரே ஆள், ஹிரொகஸு தனாகா. 1980இல் நிண்டெண்டோவில் பொறியாளராகச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் கேமுக்கு இசை எழுதுவது என்றால் சால்டரிங் இரும்பும் பிடிக்கத் தெரிய வேண்டும். 1986இல் 'மெட்ராய்ட்' விளையாட்டில், எது இசை, எது அந்தக் குகையின் சத்தம் என்று பிரிக்க முடியாதபடி செய்து காட்டியவர் அவர். வாத்தியத்தைச் செய்த கையே வாசிக்கவும் உட்கார்ந்தால், அதற்கு எது வரும், எது வராது என்பது விரலுக்கே தெரியும்.

டெட்ரிஸில் அவர் மூன்று இசைகளை வைத்து, எது வேண்டுமென்று ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கவும் விட்டார். ஏ, பி, சி. 'பி' அவரே இயற்றியது. 'சி', பாக் எழுதிய பிரெஞ்சு சூட் ஒன்றிலிருந்து எடுத்த மினுவெட். 'ஏ'தான் கொரொபெய்னிக்கி. ஆனால் ஜப்பானில் வெளிவந்த முதல் பதிப்பில் 'ஏ' என்ற இடத்தில் இருந்தது வேறொரு மினுவெட். அடுத்து அச்சான பதிப்பில் அதை எடுத்துவிட்டுப் பெட்டிக்காரனை உட்கார வைத்தார்கள். எவ்வளவு சின்ன மாற்றம்! அது நடக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரை எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

பொருத்தம் அப்படி. மேலிருந்து ஒரு கட்டை விழ ஆகும் நேரமும் மெட்டின் ஒரு அடியும் கையோடு கை கோத்துக்கொள்வதாகத் தோன்றும், கணக்குப்படி அப்படிப் பொருந்தாவிட்டாலும். மெலிந்த சதுர அலை காத்யாவின் மெட்டைப் பாட, இன்னொன்று அதன் நிழலாகக் கூடவே வர, கீழே மூன்றாவது குரல் தடதடவென்று நடக்கும். நடுவில் மெட்டு ஒரு இடத்தில் நீளமான ஸ்வரங்களாகப் பிரிந்து மூச்சு விடும். அங்கே காகலி நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கட்டைகள் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த நீண்ட ஸ்வரம் வந்தால் வயிற்றைப் பிசையும்.

இன்னொன்றும் காதை வைத்துக் கேட்டால் தெரியும். இருப்பது நான்கே குரல்கள் என்பதால், கட்டை திரும்பும் சத்தத்துக்கும் வரிசை மறையும் சத்தத்துக்கும் தனியாக ஆள் இல்லை. பாடிக்கொண்டிருக்கும் குரல்களில் ஒன்றுதான் கண நேரம் பாட்டை விட்டுவிட்டு அந்த வேலையைச் செய்துவிட்டு வரும். பாட்டு நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், விட்ட இடத்தைத் தாண்டிய இடத்தில் அந்தக் குரல் வந்து சேர்ந்துகொள்ளும். வயலில் நாற்று நடுகிறவர்கள் பாடிக்கொண்டிருக்க, ஒருத்தி நாற்றுமுடியை எடுத்து வீசிவிட்டு அடுத்த சொல்லில் சேர்ந்துகொள்வது மாதிரி.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பாவின் பையில், கோடாரித் தைலத்துக்கும் பெர்ஃப்யூமுக்கும் நடுவில். கேட்ரிட்ஜ் என்ற சொல் எங்களுக்குத் தெரியாது, அதைக் 'கேசட்' என்போம். பென்டார்ச் செல் நாலு போட வேண்டும். ஓரத்தில் சத்தம் கூட்டுகிற பல்சக்கரம், கட்டைவிரல் நுனியில் அதன் சொரசொரப்பு இன்னும் இருக்கிறது. டேப் ரிக்கார்டரில் செல் தீர்ந்தால் பாட்டு இழுபட்டு, குரல் தடித்து, கெட்டுப்போகும். இதில் அப்படி இல்லை. உள்ளே படிகம் ஒன்று நேரம் தவறாமல் துடித்துக்கொண்டிருப்பதால், பக்கவாட்டுச் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வரும், பாட்டு மட்டும் சுருதி பிசகாமல் ஓடும், திடீரென்று எல்லாம் நின்றுவிடும்.

ராத்திரியில் அம்மா "சத்தத்தைக் குறைடா, தாத்தா தூங்குறாரு" என்பாள். குறைத்துவிட்டு ஆடுவேன். அப்போதெல்லாம் சீக்கிரம் தோற்பேன். கண்ணுக்குத் தெரிவது அதே திரை, அதே கட்டை, அதே வேகம். ஆனால் விரல் தடுமாறும். எதை எப்போது திருப்ப வேண்டும் என்று கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது கண் இல்லை என்று அன்று புரிந்தது. சித்தப்பாவின் ஹெட்போனை மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்ட பிறகுதான் பழைய கணக்குக்குத் திரும்பினேன். ஹெட்போனில் இன்னொரு ஆச்சரியம், குரல்கள் இரண்டு காதுக்கும் பிரிந்து கேட்டன.

கேம்பாய் டெட்ரிஸ் சுமார் 3.5 கோடி பிரதிகள் விற்றது. அதே 1989இல் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் நிண்டெண்டோ பதிப்பும் வந்தது. அதில் சாய்கோவ்ஸ்கியின் நடன இசை ஒன்று இருக்கும். அடுக்கு உச்சியை நெருங்கும்போது தாளம் வேகமெடுத்துப் பதற வைக்கும். நல்ல உத்திதான். என்றாலும் மனிதர்கள் நினைவில் வைத்துக்கொண்டது கையடக்கப் பெட்டியில் ஒலித்ததைத்தான். 1992இல் 'டாக்டர் ஸ்பின்' என்ற புனைபெயரில் இந்த மெட்டு நடனப் பாட்டாக வெளிவந்து பிரிட்டன் தரவரிசையில் 6ஆம் இடம் வரை ஏறியது. புனைபெயருக்குப் பின்னால் இருந்த இருவரில் ஒருவர், 'தி பேன்டம் ஆஃப் தி ஓபரா'வுக்கு இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். இன்று டெட்ரிஸ் நிறுவனம், வீடியோ கேம்களில் பயன்படுத்துவதற்கான தன் வடிவத்தை ஒலி வணிகச்சின்னமாகப் பதிந்து வைத்திருக்கிறது. மூன்று கோப்பெக்குக்கு ஏழை வீட்டுக்குப் போகட்டும் என்று ஒருவர் அனுப்பிய பாட்டைச் சுற்றி வேலி எழும்புவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நாட்டுப்பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, அதைப் பாடுகிறவர்களை யாரும் தடுக்கவும் முடியாது என்பது ஆறுதல்.

2018இல் வந்த 'டெட்ரிஸ் எஃபெக்ட்' ஆட்டத்தில் கட்டையைத் திருப்பினால் ஒரு ஸ்வரம், நகர்த்தினால் ஒரு ஸ்வரம். விரலே வாசிக்கிறது. ஊமையாகப் பிறந்த விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

சென்ற மாதம் ரஷ்யக் கோஷ்டி ஒன்று பாடிய பழைய ஒலிப்பதிவை வீட்டில் ஓடவிட்டேன். மெதுவாக ஆரம்பித்தார்கள். பத்து வயது மகள் அடுத்த அறையிலிருந்து "ஐ, டெட்ரிஸ்!" என்று ஓடிவந்து தரையில் உட்கார்ந்தாள். வேகம் ஏறியது. அக்கார்டியன் தடதடத்தது. அவள் விரல்கள் தொடையில், இல்லாத பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தன. உச்சத்துக்குப் போய், எல்லாரும் சேர்ந்து ஒரே அடியாகக் காலால் தரையை உதைத்து, பாட்டை முடித்தார்கள். கைதட்டல். அதுவும் ஓய்ந்தது.

அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா நிறுத்திட்டாங்க? திரும்ப முதல்ல இருந்து வரணுமே?"